தீவுக் கிராமத்துப் பழைய தெரு: வீடுகள் அப்படியே இருந்தும் தெரு ஏன் மாறித் தெரிகிறது?

கேள்வி: கடல்வாசல்

வணக்கம். ஒரு சிறு தீவுக் கிராமத்தின் நடுத்தெருவை ஆவணப்படுத்தும் வேலை நடக்கிறது. தெருவின் நீளம் சுமார் 300 மீட்டர். ஒரு பக்கம் சாந்தில்லாமல் அடுக்கிய பவளக்கல் மதில்கள். மறுபக்கம் சுண்ணாம்பு பூசிய கல்வீடுகள். நடுநடுவே கான்கிரீட் வீடு, தகரக் கூரை, பூட்டிக் கிடக்கும் வீடு. 1970களில் எடுத்த ஐந்து புகைப்படங்கள் கையில் உள்ளன.

வீடு வீடாகக் கணக்கெடுத்தால் "பழையது இத்தனை, புதியது இத்தனை" என்ற பட்டியல் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் படங்களோடு ஒத்துவரவில்லை. ஏழெட்டுப் பழைய வீடுகள் தொடர்ச்சியாக நிற்கும் இடத்தில்கூட, பழைய படத்தில் இருப்பது வேறொரு தெரு போலத் தெரிகிறது. கேட்க விரும்புவது மூன்று:

தெரு மாறும்போது எது முதலில் மாறும், எது பிறகு மாறும்? எதை அளந்தால் அந்த மாற்றம் பிடிபடும்? சரிந்த மதிலையும் சுவரையும் பழுதுபார்க்க நினைக்கும் வீட்டுக்காரருக்கு என்ன சொல்லலாம்?

பதில் 1: மட்டக்குழாய்

வீட்டைப் பார்க்கும் முன் தரையைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் குழப்பத்துக்குப் பெரும்பாலும் காரணம் தெருவின் மட்டம் உயர்ந்ததுதான்.

நடப்பது இதுதான். பழைய தெரு மணலும் சிப்பித்தூளும் கலந்த தரை, அல்லது கல் பாவியது. அதன்மேல் முதலில் கான்கிரீட் போடுவார்கள்: 10 முதல் 15 செ.மீ. சில ஆண்டுகளில் அது வெடிக்கும். உடைத்து எடுக்காமல் அதன்மேலேயே 4 அல்லது 5 செ.மீ. தார். பிறகு குழாய் புதைக்க வெட்டுவார்கள், மூடுவார்கள், மறுபடியும் ஒரு படலம். மூன்று முறை போட்டாலே தெரு 25 செ.மீ. வரை ஏறிவிடும். 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகள் ஏறி நுழைந்த வீட்டுக்கு இப்போது ஒன்றரைப் படிதான் மிச்சம். திண்ணையில் உட்கார்ந்தவர் கால் தொங்கிய இடத்தில் இன்று முழங்கால் மடங்குகிறது. 1.2 மீட்டர் மதில் 95 செ.மீ. ஆகிவிடும், நடப்பவர் பார்வை நேரே முற்றத்துக்குள் விழும். வீட்டில் ஒரு கல்லும் மாறவில்லை, ஆனால் தெரு மாறிவிட்டது.

இதற்கு அடுத்த கட்டம் தண்ணீர். மணல் தெரு மழையைக் குடித்துவிடும். கான்கிரீட் குடிக்காது. தெரு வீட்டு வாசலைவிட உயர்ந்ததும் மழைநீர் வீட்டுக்குள் வரும். வீட்டுக்காரர் வாசலில் 20 செ.மீ. சிமென்ட் வரப்பு கட்டுவார். பிறகு திண்ணையை உயர்த்துவார் அல்லது இடித்துவிட்டுச் சரிவுத்தளம் போடுவார். கடைசியில் "இந்த வீடு பள்ளத்தில் இருக்கிறது" என்று சொல்லி வீட்டையே இடித்துக் கட்டுவார். பல இடங்களில் பழைய வீட்டைக் கொன்றது வீட்டின் முதுமை இல்லை, சாலை ஒப்பந்தத்தின் கனம்தான்.

தீவில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சிறு தீவின் நிலத்தடி நன்னீர், உப்புநீரின்மேல் மிதக்கும் ஒரு வில்லை. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. மேலே 10 செ.மீ. குறைந்தால் கீழே 4 மீட்டர் போகும். தெருவையும் முற்றத்தையும் மூடிவிட்டு மழைநீரைக் கடலுக்கு ஓட்டினால் கிணறு உவர்க்கத் தொடங்கும். குழாய்த்தண்ணீர் வரும், தெருக்கிணறு மூடப்படும், கிணற்றடியைச் சுற்றியிருந்த அகலமான திறந்த இடம் வண்டி நிறுத்துமிடமாகும். அந்தச் சிறு வெளிகளையும் உங்கள் வரைபடத்தில் தனியாகக் குறியுங்கள். வீட்டுக் கணக்கெடுப்பில் அவை வரவே வராது.

அளக்கும் முறை: மட்டக்குழாயும் (நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்; இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும்) டேப்பும் போதும். தெருவில் ஒரு நிலையான புள்ளியைப் பூச்சிய மட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். கோயில் படி, பழைய கிணற்று விளிம்பு போல யாரும் உயர்த்தாத ஒன்று நல்லது. அங்கிருந்து ஒவ்வொரு வாசலின் நிலைப்படி மட்டமும், அதன் எதிரே தெருவின் நடு மட்டமும் எடுங்கள். 300 மீட்டர் தெருவுக்கு இருவர் ஒரு நாளில் முடிக்கலாம். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருந்தால் அளவு பொய்யாகும். இரண்டு முனையையும் அருகருகே பிடித்து ஒரே மட்டம் காட்டுகிறதா என்று காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை சரிபாருங்கள். சாலை ஓரத்தில் எங்காவது பழுதுக்காகத் தோண்டியிருந்தால் விடாதீர்கள்: பக்கவாட்டில் படலங்கள் கேக் துண்டு போலத் தெரியும். ஒவ்வொன்றின் கனத்தையும் அளந்து படமெடுத்து வைத்தால் போதும், தெருவின் வரலாறு பாதி வந்துவிடும்.

எதிர் உதாரணம் ஒன்று: ஜப்பானின் ஒகினாவா பகுதியில் தகெடோமி தீவு. அங்கே கிராமத் தெருக்கள் இன்றும் வெள்ளைப் பவள மணல். காலையில் அவரவர் வீட்டு முன்னால் கூட்டிச் சீவுகிறார்கள். மணல் தெருவில் மேல்படலம் தேய்ந்தால் அள்ளிப் போடலாம், மேடானால் வாரி எடுக்கலாம், வாசல் மட்டம் மாறாது. 1987இல் அக்கிராமம் அரசின் மரபுக் கட்டடத் தொகுதிப் பாதுகாப்புப் பகுதியாகத் தேர்வானது. அதற்கு முந்தைய ஆண்டே ஊரார் தங்களுக்குள் ஒரு சாசனம் எழுதிக்கொண்டுவிட்டார்கள். நிலத்தை வெளியாருக்கு விற்காதே என்பது அதில் முதல் விதி.

சாலை போடுபவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள்: புதிய படலம் போடும் முன் பழையதைச் சுரண்டி எடுக்கட்டும், எடுத்த கனமும் போடும் கனமும் ஒன்றாக இருக்கட்டும்.

பதில் 2: சரக்குத்தோணி

மட்டக்குழாய் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எந்த வரிசையில் மாறும் என்பதைப் படகுத்துறை தீர்மானிக்கிறது. படகில் எது ஏறுமோ, துறையில் எது இறங்குமோ, அதுதான் தெருவில் கட்டடமாகும்.

சரக்கைத் தலையிலும் தள்ளுவண்டியிலும் சுமந்த காலத்தில் தெரு 1.2 முதல் 1.5 மீட்டர் அகலம் இருந்தால் போதும். அப்போது வெளியிலிருந்து வரும் பொருள் சிறியதாக இருக்கும்: ஆணி, கண்ணாடி, தகரத் தாள், சிமென்ட் மூட்டை. ஆகவே முதலில் கூரையும் பூச்சும் மாறும், சுவர் மாறாது. இயந்திரப் படகு பெருகினால் கம்பியும் மரச்சட்டமும் வரும், மேல்மாடி எழும். லாரியோடு வரும் பெரிய படகோ, பாலமோ வந்த பிறகுதான் தெருவின் அகலத்தில் கைவைப்பார்கள். லாரிக்கு 2.5 மீட்டர் உடலகலம், கண்ணாடியோடு 3 மீட்டர். தீயணைப்பு வண்டிக்கு 3.5 மீட்டர் கேட்பார்கள். முதல் வெட்டு எப்போதும் முனைவீட்டில்தான் விழும், ஏனென்றால் நேர்த்தெருவில் நுழையும் வண்டி திருப்பத்தில் திரும்பாது. துறையிலிருந்து வரும் வழியில் முதல் மூன்று திருப்பங்களைப் பாருங்கள். மூலை மழுங்கியிருக்கிறதா, மூலைக்கல் சிராய்ந்திருக்கிறதா, அல்லது புதிய கான்கிரீட்டில் வளைத்துக் கட்டியிருக்கிறதா? துறையிலிருந்து உள்ளே போகப் போக மாற்றம் குறைந்துகொண்டே வரும். உங்கள் 300 மீட்டரிலேயே இந்தச் சரிவு தெரிய வேண்டும்.

பொருளின் நீளமே தெருவை வடிவமைக்கும் இடமும் உண்டு. கென்யாவின் லாமு தீவில் தளம் தாங்குவது கண்டல் (அலையாத்தி) மரக் கொம்புகள். அவை ஏறக்குறைய 3 மீட்டருக்குமேல் தாங்காது. அதனால் அறைகள் எல்லாம் ஒடுங்கி நீண்டவை, தெருவைப் பார்த்த முகப்பிலும் அந்த அளவே தெரியும். கான்கிரீட் விட்டம் வந்ததும் 5, 6 மீட்டர் அறை சாத்தியமாகிறது. சன்னல்களின் இடைவெளி மாறுகிறது. உயரம் கூடாமலே முகப்பின் தாளம் கெட்டுப்போவது இப்படித்தான்.

அரசாணை ஒன்றே ஒரே மூச்சில் மாற்றியதும் நடந்திருக்கிறது. தென்கொரியா 1970இல் தொடங்கிய புதிய கிராம இயக்கத்தில் ஊருக்கு 335 மூட்டை சிமென்ட் என்று கொடுத்தார்கள். ஜெஜு தீவிலும் அந்தப் பத்தாண்டில் சந்துகள் அகன்றன, அவற்றுக்குத் தளம் போட்டார்கள், புல் வேய்ந்த கூரைகள் கல்நார் சிமென்ட் தகட்டுக்கும் தகரத்துக்கும் மாறின. சிமென்ட் மூட்டை ஊருக்கு வந்துவிட்டால் அது எங்காவது கொட்டப்பட்டே தீரும். உங்கள் 1970களின் படம் இப்படியொரு திட்டத்துக்கு முந்தையதா, பிந்தையதா என்று பாருங்கள்.

தலைகீழாகவும் பாருங்கள். ஆங்கிலக் கால்வாயில் உள்ள சார்க் தீவில் மோட்டார் காருக்கு இடமில்லை, டிராக்டர் மட்டும் உண்டு. சாலைகள் இன்றும் தார் காணாதவை, தெருவிளக்கும் கிடையாது. வண்டியைத் தடுத்தால் தெருவில் பல விஷயங்கள் தாமாகவே நின்றுவிடும்.

பதில் 3: அடுக்குமதில்

மதில் பற்றி எழுதுகிறேன். சாந்தில்லாத மதில் தீவுகளில் எங்கும் உண்டு: ஜெஜுவில் எரிமலைக்கல், அயர்லாந்தின் அரன் தீவுகளில் சுண்ணக்கல், நெடுந்தீவில் பவளக்கல். இந்த மதில்கள் காற்றை மறிப்பதில்லை, வடிகட்டுகின்றன. கல்லுக்குக் கல் இருக்கும் சந்து வழியாகக் காற்று உடைந்து வெளியேறுவதால் மதில் நிற்கிறது. சந்தை அடைத்தால் மொத்தக் காற்றழுத்தமும் மதில்மேல் விழும்.

நல்ல மதிலின் உடல்: அடியில் 70 செ.மீ., உச்சியில் 40 செ.மீ., உயரம் 1.2 மீட்டர். இரு பக்கமும் எட்டுக்கு ஒன்று என்ற சாய்வில் உள்வாங்கும். முகம் இரண்டு, நடுவில் சிறுகல் நிரப்பு. முழங்கால் உயரத்தில் மதிலின் இரு முகத்தையும் தொடும் நீளக்கல் மீட்டருக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். அதுதான் இரு முகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்பு. உச்சியில் கனமான மூடுகல்.

கெடும் விதம்: முதலில் மூடுகல் போகும். யாரோ ஒருவர் வீட்டுப்படிக்கு எடுத்துப்போவார், ஆடு தள்ளும், மின்கம்பம் நடும்போது அகற்றுவார்கள். மூடுகல் போனால் உள் நிரப்பு மழையில் இறங்கும். நடு வெற்றாகும். முகம் வெளியே புடைக்கும், வயிறு தள்ளியதுபோல. அந்த வயிறு மதில் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு வெளியே வந்துவிட்டால் அடுத்த பெருமழைக்கு நிற்காது. தெருமட்டம் உயர்ந்த இடங்களில் அடிக்கல் சாலைக்கடியில் போய்விடும். வண்டியின் அதிர்வு நேராக அதில் இறங்கும்.

அடுத்த பெரிய இழப்பு வாசல் அகலம். ஆள் நுழையும் 90 செ.மீ. வாசலை வண்டிக்காக 3 மீட்டர் ஆக்கும்போது, மதிலின் முடிவில் மாறிமாறி அடுக்கிய நீளக்கற்கள் போய்விடும். அவைதான் மதிலின் தலை. தலை இல்லாத முனை கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும். உடனே இருபக்கமும் கான்கிரீட் தூண் எழுப்புவார்கள். தூணுக்கும் மதிலுக்கும் ஒட்டு இல்லாததால் அங்கே ஒரு கீறல் விடும், மதில் மறுபடியும் அங்கிருந்தே அவிழும். வாசலை அகலமாக்கியே தீர வேண்டுமென்றால் தலையைப் பிரித்து, அதே நீளக்கற்களை வரிசை மாறாமல் புதிய முனையில் கட்ட வேண்டும். பிரிக்கும்போது கல்லில் சுண்ணக்கட்டியால் எண் போட்டு வையுங்கள்.

சரிந்த பகுதியைப் பழுதுபார்க்க:

சரிந்த இடத்தை மட்டும் எடுத்தால் போதாது. இரு பக்கமும் உறுதியான பகுதி வரும்வரை படிப்படியாகப் பிரிக்க வேண்டும், கடைசியில் பார்த்தால் ஏணிப்படிபோல இருக்க வேண்டும். செங்குத்தாக நிறுத்தினால் புதியதும் பழையதும் கோக்காது. கற்களை மதிலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, மூடுகல், நீளக்கல், முகக்கல், சிறுகல் என்று நான்கு வரிசையாகப் பரப்புங்கள். அடிக்கல் ஆடினால் அதையும் எடுத்து மண்ணைக் கெட்டித்து வையுங்கள். இரு முனையிலும் சாய்வுச் சட்டம் நட்டு நூல் கட்டுங்கள். பிறகு ஒரே விதிதான்: ஒரு கல் இரண்டு கல்மேல் உட்கார வேண்டும், இரண்டு கல் ஒரு கல்மேல் உட்கார வேண்டும். நேர்கோட்டில் சந்து ஓடக்கூடாது. கல்லின் நீளம் மதிலின் உள்ளே போக வேண்டும், தெருவுக்கு அழகாகத் தெரியட்டும் என்று பக்கவாட்டில் படுக்க வைத்தால் அது வெறும் ஓடு. உள் நிரப்பை வரிசைக்கு வரிசை கையால் அடுக்க வேண்டும். கடைசியில் கூடையால் கொட்டினால் ஆப்புப்போல இறங்கி முகத்தைத் தள்ளும். பழகிய இருவர் ஒரு நாளில் 2 முதல் 3 மீட்டர் நீளம் எழுப்பலாம்.

பவளக்கல் என்றால் கூடுதல் எச்சரிக்கை. புதிய கல் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. இலங்கையில் 1981 கடலோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம் கடலோர வலயத்தில் பவளம் எடுப்பதைத் தடைசெய்தது. இந்தியாவில் பாறைப்பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. ஆகவே தெருவில் இன்று நிற்கும் கல்தான் மொத்த இருப்பு. ஒரு மீட்டர் மதிலில் முக்கால் கன மீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கல் இருக்கிறது. அஸ்திவாரத்துக்கு நிரப்பாக ஒரு டிராக்டர் பெட்டி கல் போனால் தெருவிலிருந்து நாலைந்து மீட்டர் மதில் நிரந்தரமாகப் போய்விட்டது என்று பொருள். கைவிட்ட மனைகளின் கல்லை ஊர்ப் பொதுக்குவியலாகச் சேர்த்து, மதில் பழுதுக்கு மட்டும் தருவது என்று முடிவுசெய்தால் அதைவிடப் பயனுள்ள வேலை இல்லை.

கடல்வாசல்

மிகவும் நன்றி. நிலைப்படி மட்டம் அளக்கும் யோசனையே வரவில்லை. ஒரு சந்தேகம். சிலர் சுவரிலும் மதிலிலும் சந்துகளைச் சிமென்டால் அடைத்திருக்கிறார்கள், உறுதியாகவே தெரிகிறது. அதை எடுக்கச் சொல்வது நியாயமா? கூரை பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

பதில் 4: சுண்ணக்காரை

உறுதியாகத் தெரிவது முதல் சில மழைக்காலங்களுக்குத்தான். அந்தச் சுவரருகே போய், சாய்ந்த வெயிலில் பக்கவாட்டாகப் பாருங்கள். கல் உள்ளே குழிந்திருக்கும். சிமென்ட் மட்டும் வலைபோல வெளியே துருத்தி நிற்கும். விரலால் தடவினால் கல் மாவாக உதிரும், சிமென்ட் நகத்தைக் கீறும். கல்லைக் காக்கப் பூசியது கல்லைத் தின்றுவிட்டு நிற்கிறது.

காரணம் உப்பு. கடற்காற்றும் அடிமண்ணும் சுவருக்குள் உப்புநீரைக் கொண்டுவருகின்றன. நீர் வெளியேறும் இடத்தில் உப்பு படிகமாகி விரியும், அந்த இடம் உடையும். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது, துளை மிகுந்தது. நீர் அதன் வழியே போகும், சாந்துதான் உதிரும். இருபது முப்பது ஆண்டுக்கு ஒருமுறை சாந்தைப் புதுப்பிக்கலாம், கல் பிழைக்கும். சிமென்ட் அடைத்தால் வழி மாறி நீர் கல் வழியே போகும், கல் உதிரும். கல்லைப் புதுப்பிக்க முடியாது.

எடுப்பதில் நிதானம் வேண்டும். சிமென்ட் தளர்ந்து ஒலிக்கும் இடத்தை மட்டும் சிறு உளியாலும் சுத்தியலாலும் எடுங்கள், கிரைண்டர் வேண்டாம், அது கல்லின் விளிம்பை வெட்டிவிடும். கல்லோடு இறுகியிருந்தால் விட்டுவிடுங்கள், எடுக்கும்போது கல்லின் முகமும் சேர்ந்து வரும். சந்தை அதன் அகலத்தைப்போல இருமடங்கு ஆழத்துக்குச் சுத்தம் செய்து, முந்தின நாளே நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கூர்மணல் (உருண்டையாக இல்லாத, சொரசொரப்பான மணல்) கலந்து அழுத்தி அடையுங்கள். கடல்மணல் எடுத்தால் உப்பை நீங்களே உள்ளே வைத்துக் கட்டுகிறீர்கள். வேறு வழியே இல்லாவிட்டால் நன்னீரில் பலமுறை அலசி, மழையில் கிடந்த மணலை எடுங்கள். நேர்வெயில் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது காக்க வேண்டும். அவசரமாகக் காய்ந்த சுண்ணாம்பு பொடியாகவே நிற்கும், அதைப் பார்த்துத்தான் "சுண்ணாம்பு பலமில்லை" என்று சிமென்டுக்குப் போகிறார்கள்.

வெள்ளையடிப்பும் அப்படியே. பால்போல நீர்த்து ஐந்து மெல்லிய பூச்சு. கெட்டியாக ஒரே பூச்சு அடித்தால் ஏடு ஏடாக உரியும். பிளாஸ்டிக் பெயின்ட் பூசினால் அடியில் நீர் சிக்கிக் கொப்புளம் போடும்.

சாந்தில்லா மதிலில் சிமென்ட் பூசியிருந்தால் விஷயம் வேறு. அங்கே கல் உதிர்வதைவிட, அடுக்குமதில் சொன்ன காற்றும், உள்ளே தேங்கும் நீரும்தான் ஆபத்து. உடைக்க முடியாத நிலையில் அடிவரிசையிலாவது மீட்டருக்கு இரண்டு சந்து திறந்து விடுங்கள்.

பதில் 5: சரக்குத்தோணி

சுண்ணக்காரை சொல்வது பழைய சுவருக்கு முழுக்கச் சரி. ஆனால் "சிமென்டே வேண்டாம்" என்று ஊரில் சொன்னால் நடைமுறையில் யாரும் கேட்க மாட்டார்கள். புதிதாகக் கட்டும் சுவர் சிமென்ட் கல்லாகவே இருக்கட்டும். தெருவுக்கு முக்கியம் அந்தச் சுவர் எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரம் என்பது. புதிய வீட்டைத் தெருக்கோட்டிலிருந்து 3 மீட்டர் பின்னே தள்ளி, முன்னால் கம்பி கேட் போட்டால் தெருவில் பல் விழுந்த இடைவெளி வரும், அதைப் பவளக்கல்லால் கட்டினாலும் சரிதான். தெருக்கோட்டிலேயே 1.2 மீட்டர் மதில் ஓடி, அதற்குப் பின்னால் கான்கிரீட் வீடு நின்றால் தெரு தாங்கிக்கொள்ளும்.

பதில் 6: முகட்டோடு

கூரை: அளக்க வேண்டியது சாய்வும் இறவாரமும் (சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பு). ஓலை, புல் வேய்ந்த கூரைக்கு 45 முதல் 50 பாகைச் சாய்வு வேண்டும், இல்லாவிட்டால் நீர் ஓடாமல் அழுகும். நெளிதகரத்துக்கு 10 பாகையே போதும். அதனால் தகரம் வந்ததும் முகடு இறங்கும், இறவாரம் ஏறும். வேய்ந்த கூரையின் இறவாரம் 60 முதல் 90 செ.மீ. வெளியே நீண்டு தெருவோரத்தில் நிழல் போடும். தகரத்தை அவ்வளவு நீட்டினால் புயல் கீழிருந்து பிடுங்கும் என்பதால் 30 செ.மீ.யோடு நிறுத்துவார்கள். நடுப்பகலில் பழைய தெருவின் இரு ஓரமும் நிழல், புதிய தெரு முழுக்க வெயில். உங்கள் பழைய படங்களில் நிழல்கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

கூரை மாறுவதற்கு எப்போதும் ரசனைக் குறைவு காரணமில்லை. டென்மார்க்கின் லெசோ தீவில் கடற்புல்லால் கனமாக வேய்வார்கள். 1930கள் வாக்கில் ஒரு நோய் அந்தக் கடற்புல்லை அழித்தது, வேய்வதற்குப் பொருளே இல்லாமல் போனது. சிலியின் சிலோயே தீவில் வீட்டுமுகம் முழுக்க மரச்செதில். அதற்கு உகந்த அலெர்சே மரத்தை வெட்ட 1976இல் தடை வந்தது, நியாயமான தடை. செதில் போன இடத்தில் தகடு ஏறியது. மாறாக, பெர்முடாவில் வெள்ளைச் சுண்ணக்கல் கூரை நிலைத்திருக்கிறது. காரணம் அந்தக் கூரைதான் குடிநீர் பிடிக்கும் தொட்டியின் வாய், சட்டமும் அதைக் கோருகிறது. வேலை இருக்கும்வரை வடிவம் இருக்கும்.

"மரபு" என்று எந்த ஆண்டைப் பிடிப்பது என்பதிலும் கவனம். ஒகினாவாவில் சாமானியர் ஓட்டுக்கூரை போடுவதற்கு இருந்த தடை 1889இல்தான் நீங்கியது. இன்று எல்லாரும் படமெடுக்கும் செவ்வோட்டுத் தெரு அதற்குப் பிறகு வந்தது, அதற்குமுன் அங்கே புல்வேய்ச்சல். ஆகவே உங்கள் அறிக்கையில் 1970களின் படத்தை "அசல்" என்று எழுதாதீர்கள். அது ஓர் அடுக்கு. ஆண்டைப் போட்டு அடுக்காகவே காட்டுங்கள்.

போலிகளைப் பிரித்தறிய: சிமென்ட் சுவர்மேல் 2, 3 செ.மீ. கல் ஒட்டியிருந்தால் மூலையில் தெரியும். உண்மையான கல் மூலையில் திரும்பி மறுபக்கத்திலும் அதே கல்லாக நீளும். ஒட்டுக்கல்லில் மூலையில் மெல்லிய விளிம்பு இரண்டு சந்திக்கும். விருந்தினர் விடுதிகள் வரும் தெருவில் இது வேகமாகப் பரவும். பட்டியலில் தனி வகையாக எழுதுங்கள்.

பதில் 7: நிலைக்கால்

பழைய படம் எடுத்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலையாக இருக்க வேண்டும். படத்தில் முன்னால் ஒரு மூலையும் பின்னால் ஒரு முகடும் எப்படி ஒன்றையொன்று மறைக்கின்றன என்று பாருங்கள். முகடு மூலைக்கு இடப்பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் நீங்கள் இடப்பக்கம் அதிகம் நிற்கிறீர்கள். இப்படி இரண்டு ஜோடி பொருந்தினால் நின்ற இடம் ஒரு அடிக்குள் வந்துவிடும். அங்கே ஆணி அடித்துக் குறியுங்கள்.

தீவில் இருப்பதால் ஒரு பெரிய வசதி. தெருவின் முடிவில் கடல் தெரிந்தால், தொடுவானக் கோடு படத்தில் எதையெல்லாம் வெட்டுகிறதோ, அந்தப் புள்ளிகள் எல்லாம் கேமரா இருந்த உயரத்தில் இருப்பவை. பழைய படத்தில் தொடுவானம் மதிலின் எட்டாவது வரிசையை வெட்டி, தெருவில் நிற்கும் ஆளின் கண்ணையும் வெட்டினால், எட்டாவது வரிசை அன்று தெருவிலிருந்து ஏறக்குறைய 1.5 மீட்டர். இன்று அதே வரிசையை டேப்பால் அளந்தால் 1.25 வருகிறதா? தெரு 25 செ.மீ. ஏறியிருக்கிறது. தோண்டிய இடத்தில் பார்க்கும்படி மட்டக்குழாய் சொன்னதைத் தோண்டாமலே சரிபார்க்கலாம்.

புதிய படங்கள்: 25 மீட்டருக்கு ஒரு நிலை, ஒவ்வொன்றிலும் இரு திசை, கேமரா 1.5 மீட்டர் உயரம், ஒரே குவியத் தூரம், மேகமூட்டமான நேரம். 20 செ.மீ. பட்டை போட்ட 2 மீட்டர் கோலைச் சுவரோரம் நிறுத்துங்கள். 50 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு வரையுங்கள்: தரையில் அகலம், இறவாரங்களுக்கு இடையே அகலம், மதில் உயரம், நிலைப்படி மட்டம், தாழ்ந்த கம்பியின் உயரம். மின்கம்பம், தண்ணீர்த்தொட்டி, ஏ.சி. பெட்டி எல்லாவற்றையும் கணக்கில் எடுங்கள். கண் பழகிப்போய் விட்டுவிடுவது அவற்றைத்தான்.

பரவலான மாற்றத்துக்கு, 1960 முதல் 1972 வரை எடுத்த, கொரோனா என்ற அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் படங்கள் 1995இல் வெளியிடப்பட்டன. மிக நல்லவற்றில் 2 மீட்டர் அளவுள்ள பொருள் வரை தெரியும். 1.5 மீட்டர் சந்து தெரியாது. ஆனால் தகரக் கூரை பளிச்சென்றும் ஓலைக்கூரை கருப்பாகவும் தெரியும். கூரை மாறிய வீடுகளை எண்ணிவிடலாம்.

பதில் 8: மட்டக்குழாய்

பூட்டிய வீடுகள் பற்றி யாரும் சொல்லவில்லை. தீவில் தெருவைக் கரைப்பது கடைசியில் அவைதான். வரிசை இது: முகட்டின் ஓடு ஒன்று நகரும், மழை முகட்டுச்சட்டத்தில் இறங்கும், சட்டம் ஒடியும், கூரை உள்ளே விழும். கூரை போனதும் சுவரின் உச்சி திறந்து கிடக்கும், மண்ணும் சுண்ணாம்பும் கரையும், தெருமுகச் சுவர் வெளியே சாயும். அப்போது ஆபத்து என்று இடிக்கச் சொல்வார்கள். முதல் ஓடு நகர்ந்த அன்று இருவர் அரை நாளில் சரிசெய்திருக்கலாம்.

ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், பூட்டிய வீடுகளை மட்டும் சுற்றி வாருங்கள். பார்க்க வேண்டியவை: முகடு நேராக இருக்கிறதா, நீர்க்காலில் செடி முளைத்திருக்கிறதா, சுவர் உச்சியில் ஆல், அரசு வேர்விட்டிருக்கிறதா. கன்று விரல் கனம் இருக்கும்போதே வேரோடு எடுக்க வேண்டும், கை கனமானால் வேர் சுவரைப் பிளந்திருக்கும், பிடுங்கினால் கல்லும் வரும். அப்போது அடியில் வெட்டி, வெட்டுவாயில் மருந்து தடவிக் காய விடுவதே வழி. கூரை போய்விட்ட வீட்டுக்குச் சுவர் உச்சியில் சுண்ணாம்புச் சாந்தால் 5 செ.மீ. கவிழ்ந்த மூடி போட்டால் தெருமுகச் சுவர் பல ஆண்டு நிற்கும். உரிமையாளர் வெளியூரில் இருந்தால் அனுமதியை எழுத்தில் வாங்கி வையுங்கள், சாவி யாரிடம் என்பதையும் உங்கள் பட்டியலில் ஒரு பத்தியாகச் சேருங்கள்.